ஒரு கறை தெரியக் கூடாது

மகள்: அப்பா, அந்த வினிகரைக் கீழ வைங்க! தரைக் கல்லுல ஊத்தாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?

அப்பா: கறை போகும்னு நீ தானே சொன்ன?

மகள்: குழாய்க்குச் சொன்னேன். குழாய்க்கு! கல்லு மேல பட்டா பளபளப்பு போய் வெளுத்துடும். அப்புறம் எந்த வைத்தியமும் செல்லாது.

அப்பா: ஓ... நிரந்தரமா வெளுத்துடுமா?

மகள்: அதை எதுக்கு இவ்வளவு ஆசையா கேக்குறீங்க?

அப்பா: ஆசையா எங்க கேட்டேன்? தெரிஞ்சு வச்சுக்கலாம்னு...

மகள்: குடுங்க இப்படி. இனிமே பாட்டில் என் கையில தான் இருக்கும். நீங்க அந்தத் துணியை எடுத்து மூலையில நிக்கிற தண்ணியை ஒத்தி எடுங்க, போதும்... அப்பா.

அப்பா: என்னம்மா?

மகள்: தரை துடைக்கிற துணியை எதுக்கு நாலா மடிக்கிறீங்க?

அப்பா: கசங்கி இருந்துச்சு.

மகள்: தரைத்துணி கசங்காம பின்ன எப்படி இருக்கும்?

அப்பா: நாப்பது வருஷம் லாண்டிரியில இஸ்திரி போட்ட கை பாப்பா. துணி கையில பட்டா அதுவா மடிச்சிடுது. நான் என்ன பண்ண?

மகள்: மணி ஒன்பதே கால். பதினொரு மணிக்கு அண்ணன் வந்து நிப்பான். இங்க ஒருத்தர் தரைத்துணிக்கு மடிப்பு எடுத்துட்டு இருக்கார். என் தலையெழுத்து!

அப்பா: நீ ஏன் இப்படிப் பறக்குற? நீ கிளினிக்குக் கிளம்பு. அங்க டோக்கன் குடுக்க ஆள் இல்லாம டாக்டர் கத்தப் போறார்.

மகள்: லேட்டா வர்றேன்னு சொல்லிட்டேன்.

அப்பா: எதுக்கு? அவன் பார்த்தா பார்த்துட்டுப் போகட்டும். வீடுன்னா தண்ணி கொட்டாதா?

மகள்: கொட்டும். ஒரு வாளி கொட்டும். ராத்திரி முழுக்க பாத்ரூம் குழாயைத் திறந்து போட்டா ஹால்ல கணுக்கால் அளவுக்கு நிக்கும்! காலையில ஆறரைக்குக் கதவைத் திறக்கிறேன், மிதியடி என்னை வரவேற்க மிதந்து வருது.

அப்பா: மறந்துட்டேன்மா. வயசாச்சுல்ல.

மகள்: இதை மட்டும் அவன் முன்னாடி சொல்லிடாதீங்க. தயவுசெஞ்சு.

அப்பா: எதை?

மகள்: மறந்துட்டேன், வயசாச்சு... இதைத்தான். போன மாசம் அடுப்புல பாலை வச்சிட்டுத் தூங்கிட்டீங்க. வீடெல்லாம் புகை. அன்னிக்கு அண்ணன் என்ன சொன்னான்?

அப்பா: என்னமோ சொன்னான்.

மகள்: "இன்னொரு தடவை இந்த மாதிரி ஏதாவது நடந்தா உங்களைக் கேக்கவே மாட்டேன். பெட்டியைக் கட்டி என் கூடக் கூட்டிட்டுப் போயிட்டே இருப்பேன்"னான். நீங்க என்ன சொன்னீங்க?

அப்பா: அது எதுக்கு இப்ப...

மகள்: மாடிப்படியில நின்னு, கீழ் வீடு மேல் வீடு எல்லாம் எட்டிப் பார்க்க, "இந்த வீட்டை விட்டு என் பொணம் தான்டா போகும்"னு கத்துனீங்க. ஞாபகம் இருக்கா, அதுவும் மறந்துடுச்சா?

அப்பா: ஞாபகம் இருக்கு... நல்லா ஞாபகம் இருக்கு.

மகள்: அப்போ தேய்ங்க. ஒரு கறை தெரியக் கூடாது. தெரிஞ்சா இன்னிக்கே கிளம்ப வேண்டியது தான்.

அப்பா: ம்... கிளம்ப வேண்டியது தான்.

மகள்: சரி, அந்தக் குழாயைச் சுத்தியிருக்கிற துணியை எடுங்க. வினிகர்ல அரைமணி நேரம் ஊறிடுச்சு. எலுமிச்சம்பழ மூடியை வச்சுத் தேய்ங்க, உப்புக்கறை உரிஞ்சு வரும்.

அப்பா: இது நேத்துத் தண்ணியில வந்த கறை இல்லையே. ஆறு வருஷத்து உப்பு.

மகள்: இருக்கட்டும். குழாய் பளபளன்னு இருந்தா, இந்த வீட்டுல ஒருத்தர் ஒழுங்கா இருக்கார்னு அவனுக்குத் தோணும்.

அப்பா: ஆறு வருஷமா இல்லாத ஒழுங்கு இன்னிக்கு எங்கிருந்து வந்துச்சுன்னும் தோணும்.

மகள்: அதெல்லாம் அவனுக்குத் தோணாது. அவனுக்கு எது தான் தோணியிருக்கு? தேய்ங்க.

அப்பா: ...ஆமா, நீ வரும்போது பாத்ரூம்ல தண்ணி போற ஓட்டையில என்ன இருந்துச்சு?

மகள்: எதுக்குக் கேக்குறீங்க?

அப்பா: சும்மா. தண்ணி போகாம நின்னுச்சே... எதாவது அடைச்சிருக்கும்ல.

மகள்: முடியா இருக்கும்.

அப்பா: ஆமா ஆமா, முடி. முடி தான் அடைச்சிருக்கும்.

மகள்: உங்க தலையில எண்ணினா இருபது முடி தேறாது. ஆனாலும் முடி தான். சரியா?

அப்பா: சோப்புத் துண்டாக்கூட இருக்கலாம்.

மகள்: இருக்கலாம். நான் காலால தள்ளினேன், தண்ணி வடிஞ்சிடுச்சு. என்னன்னு குனிஞ்சு பார்க்கல. போதுமா?

அப்பா: போதும், போதும்.

மகள்: இப்ப நான் ஒண்ணு கேக்கட்டுமா? ஹால்ல இருந்த ஸ்டூல் நனைஞ்சிருக்கு. பாய் நனைஞ்சிருக்கு. உங்க செருப்பு மட்டும் எப்படி நனையல?

அப்பா: அது கட்டில் மேல இருந்துச்சு.

மகள்: செருப்பு? கட்டில் மேல?

அப்பா: ராத்திரி... காலை நீட்டிப் படுத்தேனா... அப்படியே...

மகள்: பழைய பேப்பர் கட்டும் காலை நீட்டிப் படுத்துச்சா? அதுவும் கட்டில் மேல தான் இருக்கு.

அப்பா: நீ என்ன போலீஸ் மாதிரி கேக்குற? கறையைத் துடைக்க வந்தியா, கேஸ் போட வந்தியா?

மகள்: கேக்கல சாமி. ஒண்ணும் கேக்கல. சுவரைப் பாருங்க. தண்ணி எட்டின இடத்துல நாலு விரல் உயரத்துக்கு வெள்ளையா ஒரு கோடு, ஹால் முழுக்க.

அப்பா: அழகா ரூல் தடி வச்சுப் போட்ட மாதிரி இருக்கு. விடு, யாரு தரையில உக்காந்து பார்க்கப் போறா?

மகள்: செருப்பைக் கழட்டக் குனிவான்ல? முதல்ல கண்ணுல படறதே அது தான். சமையல் சோடாவைத் தண்ணி விட்டுக் குழைச்சு வச்சிருக்கேன், எடுங்க. மெதுவா, அழுத்தாம... இப்படி.

அப்பா: ...போயிடுச்சே.

மகள்: ஆமா, போகுது... ஐயோ.

அப்பா: என்ன?

மகள்: தேய்ச்ச இடம் மட்டும் வெளேர்னு ஆயிடுச்சு. மேல பழைய அழுக்கு அப்படியே இருக்கு. இப்ப கோட்டை விட இது தான் பளிச்சுன்னு தெரியுது!

அப்பா: நான் தான் சொன்னேன்ல. விட்டுடுன்னு.

மகள்: விடறதா? இடுப்பு உயரம் வரைக்கும் முழுசா துடைக்கப் போறேன்.

அப்பா: நாலு சுவரையுமா?

மகள்: நாலு சுவரையும் தான்.

அப்பா: உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு பாப்பா.

மகள்: பிடிக்காம என்ன பண்ணும்? வீட்டுல மாமியார்கிட்டக் குரலை உசத்த முடியாது. அவர்கிட்டப் பேசினா "தலைவலிக்குது, அப்புறம் பேசு"ம்பார். கிளினிக்ல டோக்கன் இல்லாதவன் எல்லாம் என்கிட்டக் கத்துறான், நான் சிரிச்சுக்கிட்டே நிக்கணும். இங்க வந்தா வீடே மிதக்குது.

அப்பா: அதான் இங்க வந்து மொத்தத்தையும் சேர்த்து என்கிட்டக் கத்துறியே.

மகள்: பின்ன? உங்ககிட்டக் கத்தாம யார்கிட்டக் கத்துவேன்? அந்தப் பக்கச் சுவரை நீங்க பிடிங்க... மடிக்காதீங்க!

அப்பா: மடிக்கல, மடிக்கல... கீழ் வீட்டு டீச்சர்கிட்டப் போய்க் கேட்டுட்டு வந்தேன், நீ வாளி எடுக்கப் போனப்ப.

மகள்: என்னத்தை?

அப்பா: அவங்க சீலிங்ல ஈரம் இறங்கியிருக்கான்னு.

மகள்: ஏன்ப்பா, ஏன்? தூங்கிட்டு இருந்தவங்களை எழுப்பிச் சொன்னீங்களா? அண்ணன் படியேறி வரும்போது அந்தம்மா நிறுத்தி வச்சு ஒப்பிக்குமே!

அப்பா: பக்கத்துல இருக்கிறவங்க. ஒரு வார்த்தை கேக்க வேணாமா?

மகள்: இறங்கியிருக்கா?

அப்பா: இல்லையாம்.

மகள்: அப்பாடா.

அப்பா: ஒரு பொட்டு கூட இல்லையாம்... நல்லாக் கட்டித் தொலைச்சிருக்கான்.

மகள்: என்ன?

அப்பா: நல்லாக் கட்டியிருக்கான்னு சொன்னேன்.

மகள்: ...சரி. சுவர் ஆச்சு. குழாய் ஆச்சு. தரை காஞ்சிடும், ஃபேன் ஓடட்டும். இன்னும் ஒண்ணே ஒண்ணு தான் பாக்கி. மேஜை.

அப்பா: அதை நனைச்சது நான் இல்ல.

மகள்: தெரியும். அவசரத்துல ஈர மிதியடியைத் தூக்கி மேஜை மேல போட்டது நான் தான். ஒத்துக்கிறேன். இப்ப பாருங்க, தட்டு அளவுக்கு வெள்ளைத் திட்டு. பாலிஷுக்குள்ள ஈரம் போய் உக்காந்துடுச்சு.

அப்பா: மேல ஒரு விரிப்பைப் போட்டு மூடிடேன்.

மகள்: இந்த வீட்டுல எப்ப மேஜைக்கு விரிப்பு இருந்துச்சு? போட்டா முதல்ல அதைத்தான் தூக்கிப் பார்ப்பான். பல்லு தேய்க்கிற பேஸ்ட் எடுத்துட்டு வாங்க. வெள்ளையா இருக்கணும், ஜெல் வேணாம்.

அப்பா: மேஜைக்குப் பல்லு விளக்கி விடப் போறியா?

மகள்: பேஸ்டும் சோடாவும் கலந்து மரத்தோட வரி எப்படிப் போகுதோ அப்படித் தேய்க்கணும். போன்ல பார்த்தேன்.

அப்பா: தாராளமா தேய். எனக்கு இருக்கிற பல்லுக்கு ஒரு பேஸ்ட் ரெண்டு வருஷம் வருது.

மகள்: ...கொஞ்சம் குறைஞ்சிருக்கு.

அப்பா: குறைஞ்ச மாதிரி தெரியலையே.

மகள்: குறைஞ்சிருக்குப்பா! ஓரத்துல பாருங்க. ஆனா நடுவுல அப்படியே இருக்கு. மணி என்ன?

அப்பா: பத்து நாப்பது.

மகள்: கடவுளே. சரி, இஸ்திரிப் பெட்டி. சூடு காட்டினா உள்ள இருக்கிற ஈரம் வெளிய வந்துடும். பெட்டி எங்க? எப்பவும் கீழ தானே இருக்கும்?

அப்பா: பீரோ மேல.

மகள்: அதுவும் மாடி ஏறிடுச்சா?

அப்பா: ...பத்திரமா இருக்கட்டுமேன்னு போன வாரமே வச்சேன்.

மகள்: நல்ல வாரம். எடுத்துட்டு வாங்க. காஞ்ச பருத்தித் துணியை நாலா மடிச்சு... ஆமா, இப்ப மடிக்கலாம். உங்களுக்குப் பொற்காலம்... மேல வச்சு, கம்மி சூட்டுல பெட்டியைத் தொட்டுத் தொட்டு எடுக்கணும். நிக்கவே கூடாது. நின்னா மரம் கருகிடும்.

அப்பா: கருகினா?

மகள்: கருகினா அவ்வளவு தான். முக்கோணமா கறுப்புத் தடம். வெள்ளைத் திட்டையாவது ஏதாவது சொல்லி மழுப்பலாம். மேஜையைத் தீய்ச்ச ஆளைத் தனியா விட அண்ணன் என்ன மடையனா?

அப்பா: குடு, நான் போடறேன்.

மகள்: வேணாம்.

அப்பா: பாப்பா, இஸ்திரி போட எனக்கே நீ சொல்லித் தர்றியா? தள்ளு.

மகள்: ...சரி, போடுங்க. பார்த்து... தொட்டு எடுங்க... ஆங், அப்படித்தான்... அப்பா, பெட்டி நிக்குது.

அப்பா: நிக்கட்டும்.

மகள்: அப்பா! எடுங்க! அப்பா!

அப்பா: எடுத்துட்டேன்... எடுத்துட்டேன்.

மகள்: கருகிடுச்சா? துணியைத் தூக்குங்க.

அப்பா: நீயே தூக்கிப் பாரு. நான் பார்க்கல.

மகள்: ...அப்பா.

அப்பா: கருகிடுச்சா?

மகள்: போயிடுச்சு. திட்டு இருந்த இடமே தெரியல. மரம் புதுசு மாதிரி இருக்கு!

அப்பா: ...இல்ல, நல்லாப் பாரு.

மகள்: பார்த்துட்டேன். ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைச்சா முகம் தெரியும். நாப்பது வருஷக் கைன்னா சும்மாவா?

அப்பா: சனியன் பிடிச்ச கை.

மகள்: ஏன் திட்டுறீங்க?

அப்பா: சொன்ன பேச்சு கேக்குதா? தானா எடுத்துடுது...

மகள்: நல்லது தானே பண்ணியிருக்கு! பேஸ்டை எடுத்து உள்ள வைங்க. சன்னலைத் திறங்க, வினிகர் வாடை வெளிய போகட்டும். வாளியைப் பின்னாடி... பெல் அடிக்குது. வந்துட்டான். அப்பா, சிரிச்ச முகமா இருங்க.

அப்பா: இதுக்கு மேல எங்க சிரிக்கிறது?

மகன்: என்ன பாப்பா, நீ இன்னும் வேலைக்குப் போகலையா? என்ன வாடை இது?

மகள்: குழாயைத் தேய்ச்சேன்ணா. வினிகர்.

மகன்: வாசல்லேயே கவனிச்சேன், சுவர் அடிச்ச மாதிரி இருக்கு. தரை பளிங்கு மாதிரி இருக்கு... அட, மேஜைக்குப் பாலிஷ் போட்டிருக்கா?

மகள்: அப்பா தான். சும்மா உக்காந்திருக்க மாட்டேங்குறார். தினமும் எதையாவது துடைச்சுக்கிட்டே இருப்பார்.

மகன்: நிஜமாவாப்பா?

அப்பா: கீழ் வீட்டு டீச்சர் உன்கிட்ட எதுவும் சொல்லலையா?

மகன்: இல்லையே, கதவு பூட்டியிருந்துச்சு. ஏன்?

அப்பா: ஸ்கூலுக்குப் போயிட்டாங்களா... சரி, அந்தச் சுவரைக் குனிஞ்சு பாரு. கீழ. கோடு மாதிரி ஏதாவது தெரியுதா?

மகன்: ஒரு கோடும் இல்ல. சுத்தமா இருக்கு.

அப்பா: மேஜையை வெளிச்சத்துல சாஞ்சு பாரு. நடுவுல.

மகன்: என் மூஞ்சி தெரியுதுப்பா. சரி, ஒத்துக்கிறேன். நான் தான் தப்பா நினைச்சிட்டேன். ஒரு நாள் பால் தீஞ்சதுக்கு உங்களை என்னமோ ஒண்ணும் முடியாதவர் மாதிரி பேசிட்டேன். நீங்க தனியா ரொம்ப நல்லாவே இருக்கீங்க.

மகள்: அதைத்தான் நானும் சொன்னேன்.

மகன்: உங்களுக்காக ஒரு அறை ஒதுக்கி, கட்டில் கூட வாங்கிப் போட்டேன். போகட்டும், பொண்ணு படிக்க வச்சுக்கட்டும். இனிமே கூட வாங்கன்னு இந்த வாயால கேக்க மாட்டேன்ப்பா. சத்தியமா.

அப்பா: ...கேக்க மாட்டியா?

மகன்: கேக்க மாட்டேன். நீங்க நிம்மதியா இருங்க.

அப்பா: கட்டில் வாங்கிட்டியா?

மகன்: சன்னல் பக்கமா போட்டிருக்கேன். அதை விடுங்க, அதான் வேணாம்னுட்டீங்களே...

அப்பா: டேய், குழாயைத் திறந்து விட்டது நான் தான்டா!

மகன்: எந்தக் குழாயை?

அப்பா: ராத்திரி. பாத்ரூம் குழாய். ஹால் முழுக்கத் தண்ணி. நாலு விரல் உயரத்துக்குச் சுவர்ல கோடு. மேஜையில வெள்ளைத் திட்டு. இவ காலையிலேர்ந்து ஒவ்வொண்ணா துடைச்சுத் துடைச்சு எடுத்துட்டா, பாவி.

மகன்: மறுபடியும் மறந்துட்டீங்களா?

அப்பா: பாலைத் தான் நிஜமா மறந்தேன். இது மறக்கல. வேணும்னே திறந்தேன். நீ இன்னிக்கு வருவ, பார்ப்ப, திட்டுவ, பெட்டியைக் கட்டுவன்னு தான்...

மகன்: வர்றேன்னு ஒரு போன் பண்ணியிருந்தா ஓடி வந்திருப்பேனேப்பா! இதுக்குப் போய் வீட்டை மிதக்க விடணுமா?

அப்பா: மாடிப்படியில நின்னு ஊரே கேக்க அப்படிக் கத்திட்டு, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுடா நானா வந்து கேக்கறது? காலையில இவ வந்து பத்து நிமிஷம் நிப்பா. அப்புறம் மறுநாள் காலை வரைக்கும் இந்தச் சுவரும் நானும் தான். சாயங்காலம் ஆறு மணி ஆனா மூச்சு முட்டுது. தாங்க முடியலடா.

மகன்: பாப்பா, உனக்கு இது தெரியாதா?

அப்பா: அவளுக்கு எப்படித் தெரியும்? பாவம், எனக்காகத் தான் முட்டி தேயத் தேய்ச்சா. நான் ஒரு வார்த்தை சொல்லாம வேடிக்கை பார்த்தேன். பாப்பா, கோவிச்சுக்காதம்மா. உன்கிட்ட மறைச்சிட்டேன்.

மகள்: மறைச்சீங்களா? இந்தாங்க உங்க பனியன், காலையில ஓட்டையிலேர்ந்து எடுத்து என் பையில போட்டது. மறந்து போற ஆளு ஓட்டையை அடைக்கிற பனியனை நாலா மடிச்சா வைப்பார்? எடுத்த நிமிஷமே தெரிஞ்சு போச்சு, நீங்க போகணும்னு நினைக்கிறீங்கன்னு. தெரிஞ்சு தான் ஒரு கறை விடாம துடைச்சேன்... நீங்க போயிட்டா, காலையில நான் யார்கிட்டப்பா வந்து கத்துவேன்?